என் சிங்கப்பல்லுக்கு எதிராக நடக்கும் சதி

தியாகதுருகம்,
மார்கழி கடைசி வெள்ளி

களமருதூரில் இருக்கும் என் தாய்மாமன் நாராயணசாமி அவர்களுக்கு, உங்கள் அக்கா பெரியநாயகியின் மகன் தெய்வசிகாமணி மரியாதையோடு எழுதுவது. மரியாதை எத்தனை வரி தாங்கும் என்று தெரியவில்லை, தாங்குகிற வரைக்கும் எழுதுகிறேன். இங்கே அம்மா சுகம். கரும்பு லாரியோடு ஆலைக்குப் போன அப்பா இன்னும் திரும்பவில்லை, வரிசையில் நின்றுகொண்டு அவரும் சுகமாகத்தான் இருப்பார். சினைமாடு சுகம். அங்கே அத்தை, கண்ணகி, உங்கள் நெல்லு, உங்கள் மோட்டார் எல்லாம் சுகமாக இருக்க எங்கள் குலசாமி துணை. என் உடம்பும் சுகம். ஆனால் என் வாய்க்குள் இருக்கும் ஒரு பல் சுகமா இல்லையா என்பதில் எனக்கும், நீங்கள் கைகாட்டிய பல் டாக்டருக்கும் தகராறு. அதற்காகத்தான் பாலிடெக்னிக் ரெக்கார்டு நோட்டில் தாளைக் கிழித்து எழுதுகிறேன். அந்த நோட்டு வேறு எதற்கும் உபயோகப்படவில்லை என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன காணும் பொங்கல் அன்றைக்கு, கோட்டை மலை அடிவாரத்தில் எங்கள் மன்றம் நடத்திய பல்லால் தேங்காய் உரிக்கும் போட்டியில் நான் இரண்டாவது வருஷமாக ஜெயித்து எவர்சில்வர் குடம் வாங்கினேன். அப்போது நீங்கள் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கிச் சொன்னது ஊருக்கே தெரியும். "எங்க அக்கா மவன் படிப்பைத்தான் பாதியில உட்டுட்டான். இதுலயாவது முழுசா நிக்கட்டும். அடுத்த வருஷமும் இவன் ஜெயிச்சான்னா எம் பொண்ணு கண்ணகிய இவனுக்கே கட்டிக் குடுக்கறேன்!" என்றீர்கள். விசில் பறந்தது. எங்கள் அம்மா அழுதே விட்டாள். வீட்டுக்குப் போய் அத்தையிடம் 'சும்மா தமாசுக்குச் சொன்னேன்' என்று நீங்கள் மழுப்பியதும் என் காதுக்கு வந்தது. மாமா, மைக்கில் சொன்னது தமாசு ஆகாது. தமாசு பண்ண வேண்டுமென்றால் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பண்ணியிருக்க வேண்டும்.

உங்களுக்கு அது தேங்காய். எனக்கு அது அப்படியில்லை. பாலிடெக்னிக்கில் என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதுவும் ஆப்சென்ட் போடுவதற்கு. வீட்டில் 'டேய்'. கரும்பு ஏற்றுகிற இடத்தில் 'ஏய், இன்னா பாத்துகினு நிக்கற'. என் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்து, ஊர் பெயரோடு சேர்த்து, மைக்கில் இழுத்துச் சொல்வது வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான். அதற்குக் காரணம் மேல் வரிசையில் வலது பக்கம் கூராக நிற்கிற என் சிங்கப்பல். தேங்காயின் காம்புப் பக்கத்தில் அதை இறக்கி ஒரு நாரைக் கவ்விவிட்டால் போதும், மற்றதைக் கழுத்து பார்த்துக்கொள்ளும். போன வருஷம் நான் கடித்தபோது கண்ணகி தாவணியால் கண்ணை மூடிக்கொண்டது வீடியோவில்கூட இருக்கிறது. வெட்கம் என்று நான் சொல்கிறேன். அருவருப்பு என்று அம்மா சொல்கிறாள்.

சரி. தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது நான் ஐஸ் போட்ட கலர் குடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்தேன். ஒரு நிமிஷம்தான் பிடித்தேன். அதற்குள் நீங்கள், "இன்னாடா, பல்லா? கள்ளக்குறிச்சியில துருகம் ரோட்டுல பொன்னுரங்கம்னு ஒரு டாக்டரு கீறாரு, என் சிநேகிதன் மவன். போய்க் காட்டு. செலவ நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அந்தக் கலருக்குக்கூட என்னையே காசு கொடுக்க வைத்த மனிதர் பல்லுக்குச் செலவு செய்கிறேன் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் போய்விட்டேன்.

டாக்டர் பொன்னுரங்கம் என்னைவிட நாலு வயசு மூத்தவராக இருந்தால் அதிகம். சாய்கிற நாற்காலியில் படுக்க வைத்து, முகத்துக்கு நேராக லைட்டைப் போட்டு, ஒரு கொக்கியை வைத்துக்கொண்டு என் வாய்க்குள் எதையோ தொலைத்தவர் மாதிரி தேடினார். சிங்கப்பல்லை ஒரு தட்டு தட்டினார். நான் துள்ளியதில் பக்கத்திலிருந்த தட்டு கீழே விழுந்தது. அவருக்குக் கோபமே வரவில்லை, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"தேங்கா உரிச்சியா?" என்றார்.

"உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

"பல்லப் பாத்தா தெரியுது. கீறல் உட்டிருக்கு. உள்ள இருக்கற நரம்பு கொஞ்சம் கொஞ்சமா சாவுது. ரூட் கெனால் பண்ணி மேல கேப் போட்டுட்டா பல்லு நிக்கும். ஆனா இனிமே தேங்கா கீங்கான்னு கடிக்கக் கூடாது."

"சார், பொங்கல் வரைக்கும் உட்டுட்டு, அப்பறமா பண்ணா?"

"அதுக்குள்ள வலி தானா நின்னுடும். நின்னா நல்லாயிடுச்சின்னு நெனச்சிக்காத. நரம்பு செத்துட்டதுன்னு அர்த்தம். அப்பறம் அது காஞ்ச குச்சி மாரி, எப்ப வேணா ஒடியும்."

இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும் மாமா. வலித்தால் வைத்தியம் பண்ண வேண்டுமாம். வலி நின்றுபோனால் இன்னும் அவசரமாக வைத்தியம் பண்ண வேண்டுமாம். அப்படியென்றால் இந்த உலகத்தில் வைத்தியம் வேண்டாத பல் எது? இதே நியாயத்தில் நான் சைக்கிள் கடை வைத்தால், காற்று இறங்கிய சைக்கிளுக்கும் பஞ்சர் போடுவேன், காற்று நிற்கிற சைக்கிளுக்கு இரண்டு பஞ்சர் போடுவேன். படிப்பைப் பாதியில் விட்டவன்தான் நான், ஆனால் மூளையை விட்டுவிட்டு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். "இரு தம்பி, இன்னும் முடியல, இந்தப் பக்கம் கடவாயில..." என்று அவர் ஆரம்பித்தார். ஒரு பல்லைப் பார்க்க வந்தவனுக்கு வாய் முழுக்க ரிப்பேர் எழுதுகிற ஆளிடம் எதற்கு நிற்க வேண்டும்? கொப்புளிக்கக்கூட இல்லை, வெளியே வந்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு மாட்டும்போதுதான் சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவைப் பார்த்தேன். டாக்டர் மாலையோடு நிற்கிறார். பக்கத்தில் பொண்ணு. பொண்ணுக்குப் பக்கத்தில் யார் என்று நினைக்கிறீர்கள்? கொளஞ்சியப்பன்! திருநாவலூர் கொளஞ்சியப்பன்! இரண்டு வருஷமும் எனக்கு அடுத்ததாக வந்து பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டு போன அதே கொளஞ்சியப்பன், இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற ராஜாம்பாளைக் கேட்டேன். "அதுவா? டாக்டரம்மாவோட தம்பி. சாரோட மச்சான்" என்றது. அந்த இடத்திலேயே என் பல்வலி காணாமல் போய்த் தலைவலி வந்துவிட்டது. நீங்களே சொல்லுங்கள். என் எதிரியின் அக்கா புருஷன் என்னைப் படுக்க வைத்து, எந்தப் பல்லால் நான் ஜெயிக்கிறேனோ சரியாக அதே பல்லைத் தட்டி, 'இனிமேல் கடிக்காதே' என்கிறார். முப்பத்துச் சொச்சம் பல்லில் அவருக்கு வேறு பல் கிடைக்கவில்லையா?

அதோடு விடவில்லை. இரண்டு நாள் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால் அங்கே கொளஞ்சியப்பனே நிற்கிறான். என்னைப் பார்த்ததும் ஓடி வருகிறான்.

"மணி, பல்லு எப்டிடா கீது? எங்க டாக்டர் மாமா சொன்னாரு, ரொம்ப மோசமா இருக்குதாமே!"

"ஏன், ஒனக்கு இன்னா அதுல அவ்ளோ அக்கறை?"

"இல்லடா, பாத்து நடந்துக்க. எனக்கே ரெண்டு பல்லு ஆடுது. நான் இந்த வருஷம் போட்டிக்கு வரல."

"யார் கிட்ட காது குத்தற? நீ வரலன்னு சொன்னா நான் பிராக்டீஸ் பண்ணாம தூங்குவன்னு பாக்கறியா?"

"டேய், சத்தியமா வரலடா. அக்கா திட்டுது. இந்தா, பன்னு சாப்புடு, மெதுவாதான் இருக்கு."

மெதுவான பன்னாம்! பல் போனவனுக்குக் கொடுப்பது மாதிரி எனக்குப் பன் கொடுக்கிறான். என்ன நடிப்பு மாமா அது! நான் அந்தப் பன்னைத் தொடவில்லை. பிறகு பஸ் ஏறும்போது பசித்தது, அது வேறு விஷயம்.

சரி, ஒருத்தர் சொன்னதை வைத்து முடிவு பண்ணக் கூடாது என்று மறுநாள் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு வாங்கி வரிசையில் நின்று உள்ளே போனால் அங்கே இருந்த லேடி டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கொஞ்ச நேரம் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காப்பாத்தணும்னா வெளிய ரூட் கெனால் பண்ணிக்க. இல்லன்னா புடுங்கிடலாம். அங்க போய் நில்லு" என்றார். பார்த்தீர்களா, ஒரே பல்லுக்கு ஒருத்தர் தொப்பி போடுகிறேன் என்கிறார், ஒருத்தர் பிடுங்குகிறேன் என்கிறார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தாலாவது நம்பலாம். ஒரே மாதிரிதானே சொன்னார்கள் என்று அம்மா கேட்கிறாள். அம்மா எப்போதும் டாக்டர்கள் கட்சி. 'அங்கே போய் நில்' என்ற இடத்தில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. நான் என் சீட்டைப் பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த அம்மா காது வலிக்கு வந்தவள் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சீட்டில் அவளுக்கு எதைப் பிடுங்கினார்களோ தெரியவில்லை, அந்தப் பாவமும் உங்கள் கணக்கில்தான்.

அப்புறம் கரும்பு ஏற்றுகிற பையன்கள், "இங்கிலீஷ் மருந்தெல்லாம் வேலைக்காவாது, கரியாலூருக்கு மேல செல்லியம்மாள்னு ஒரு அம்மா பல்லுக்குப் புகை போடுது, பூச்சி கொட்டிடும்" என்றார்கள். கல்வராயன் மலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து ஆளின் பலாப்பழக் கூடை என் கன்னத்தில், சரியாக அந்தக் கன்னத்தில், வந்து இடித்தது. மார்கழியில் எங்கிருந்து அந்த ஆளுக்குப் பலாப்பழம் கிடைத்ததோ, அதுவும் என் கன்னத்துக்கென்றே காய்த்திருக்க வேண்டும். இறங்கி, ஏறி, கேட்டு, தப்பான வீட்டுக்குப் போய், நாய் துரத்தி, கடைசியில் செல்லியம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மா கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, ஒரு குழாயை என் வாயில் சொருகி, "நல்லா இழு, கண்ண மூடாத" என்றது. நான் இழுத்தேன். புகை பல்லுக்குப் போனதோ இல்லையோ, கண்ணுக்கும் மூக்குக்கும் காதுக்கும் நன்றாகப் போனது. தாரைதாரையாகத் தண்ணீர். நான் இருமுவதைப் பார்த்து அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தது. அப்போது பார்த்தேன். கறை படிந்த பற்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் புதுப் பீங்கான் கிண்ணம் மாதிரி வெள்ளையாக மின்னியது.

"அது இன்னா பல்லும்மா?" என்றேன்.

"இதுவா? கேப்பு. கீழ கள்ளக்குறிச்சில பொன்னுரங்கம் டாக்டரு போட்டாரு. நல்லா வெச்சாரு. நீ ஏன் தம்பி அவரு கிட்ட போவல?"

"அப்ப இந்தப் புகை?"

"அது கேட்டு வர்றவங்களுக்குப் போடறது. என் வயசுக்குப் புகை போட்டா பல்லு நிக்குமா?"

மாமா, எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தே வந்திருப்பேன், பஸ் வந்துவிட்டது. மலை உச்சி வரைக்கும் அந்த ஆள் கேப் போட்டு வைத்திருக்கிறார்! இனி நான் எங்கேதான் போவது? கடலுக்குப் போனால் சுறாவுக்கும் கேப் போட்டிருப்பார்.

ஆனால் ஒன்று. புகையோ, சாமியோ, அதற்கடுத்த வாரம் வலி சுத்தமாக நின்றுபோனது. ஐஸ் வைத்துப் பார்த்தேன், வலிக்கவில்லை. சுடச்சுட டீ குடித்தேன், வலிக்கவில்லை. சாவியால் தட்டினேன், மரத்தைத் தட்டுகிற மாதிரி கம்மென்று இருக்கிறது. அப்போது என் புத்தி தெளிந்தது. இவ்வளவு நல்ல பல்லைக் குடைந்து எடுக்கச் சொன்னது யார்? டாக்டர். டாக்டரிடம் அனுப்பியது யார்? நீங்கள். என் பல் போனால் யாருக்கு லாபம்? கொளஞ்சியப்பனுக்கு ஒரு குடம் லாபம். உங்களுக்கு மைக்கில் கொடுத்த வாக்கிலிருந்து தப்பித்த லாபம். தங்க மோதிரம் போட்ட மாப்பிள்ளையைக் கண்ணகிக்குப் பார்க்கலாம், கம்பெனியில் வேலை செய்கிற மாப்பிள்ளையைப் பார்க்கலாம். வெளியே பார்த்தால் அக்கா மகன்மேல் பாசம், உள்ளே பார்த்தால் ரூட் கெனால். உங்களுக்கு இது அடுக்குமா? நேருக்கு நேர் 'பொண்ணு தர முடியாது, நீ தண்டச்சோறு' என்று சொல்லியிருந்தால் நான் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அதை விட்டுவிட்டு ஒரு மனிதனின் பல்லில் போயா கை வைப்பது?

வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று இன்றைக்குக் காலையில் ருசுவே பண்ணிவிட்டேன். மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் போய், முற்றிய தேங்காயாக, மட்டை கெட்டியாக ஒன்றை எடுத்து, போட்டிக்கு நிற்கிற மாதிரி கையைப் பின்னால்... இல்லை, கையால் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் விதி, கையால் பிடித்து, குலசாமியை நினைத்து, சிங்கப்பல்லை இறக்கினேன். 'பட்'டென்று ஒரு சத்தம் மாமா! என்ன சத்தம்! அப்படி ஒரு சத்தம் இரண்டு வருஷப் போட்டியிலும் கேட்டதில்லை. மட்டை விட்டுக்கொடுத்துவிட்டது என்று தெரிந்தது. மீதியைக் கடைவாயால் கவ்வி மடமடவென்று கிழித்துப் போட்டேன். துளி வலி இல்லை. வாயெல்லாம் நார். இதை எழுதும்போதுகூட நாக்கில் ஏதோ கூராக உரசிக்கொண்டே இருக்கிறது, நார்தான் மாட்டியிருக்க வேண்டும். உள்ளே போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னால், "அது சரி, ஏண்டா பேச்சுக்கு நடுவுல விசிலடிக்கற?" என்கிறாள். சந்தோஷத்தில் விசில் வரத்தான் செய்யும். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

ஆக, இதனால் உங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், என் பல்லுக்கு ஒரு வைத்தியமும் தேவையில்லை. உங்கள் சிநேகிதர் மகனிடம் சொல்லி வையுங்கள், அந்தக் கேப்பை அவர் மச்சானுக்கே போடட்டும். காணும் பொங்கல் அன்றைக்குக் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்காருங்கள். நான் ஜெயித்ததும் மைக் உங்கள் கைக்கு வரும். என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். கண்ணகிக்கு என் விசாரிப்பு, கண்ணை மூடாமல் பார்க்கச் சொன்னதாகவும் சொல்லவும். உங்கள் வயலில் தண்ணீர் நிற்கட்டும், மோட்டார் ஓடட்டும், மூட்டைக்கு நல்ல விலை கிடைக்கட்டும். கோபத்தில் எழுதினாலும் மருமகன் வாழ்த்து பலிக்கும்.

இப்படிக்கு,
ஒரு பல்லும் குறையாத
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டப் போகும்போது அடுப்பங்கரையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அடுப்பெரிக்கக் காலையில் நான் உரித்த மட்டையை எடுத்திருக்கிறாள். "டேய் மணி, இங்க வா. மட்டையில இன்னாடா இது, சோழி மாரி குத்திகினு நிக்குது?" என்றாள். போய்ப் பார்த்தேன். பிறகு அப்பா சவரம் பண்ணுகிற கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். மேலே 'ஒரு பல்லும் குறையாத' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இன்னும் துளிகூட வலி இல்லை மாமா, அதுதான் பயமாக இருக்கிறது. டாக்டர் சொன்ன மாதிரியே காய்ந்த குச்சியாக ஒடிந்திருக்கிறது. வேர்ப்பக்கம் பாதி இன்னும் வாயில் இருக்கிறது. அதன்மேல் கேப் நிற்குமா என்று உங்கள் சிநேகிதர் மகனை எஸ்.டி.டி. போட்டு உடனே கேட்கவும். உங்களைச் சந்தேகப்பட்டதைக் கண்ணகியிடம் சொல்ல வேண்டாம். அம்மா இப்போதுதான் சொல்கிறாள், தீபாவளி அன்றைக்கு நான் ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்து உங்களிடம் சொன்னதே கண்ணகிதானாம். செலவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அடம் பிடித்ததும் அதுதானாம். இதை முன்னாடியே யாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

தேங்காய்தான் போய்விட்டது. மன்றத்தில் கரும்பு கடிக்கிற போட்டியும் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். மைக்கில் சொன்ன வாக்கைத் தேங்காயிலிருந்து கரும்புக்கு மாற்றித் தர முடியுமா? கரும்புக்குச் சிங்கப்பல் வேண்டாம், கடைவாய் போதும். கடைவாய் எனக்கு இரும்பு மாதிரி இருக்கிறது, ஐஸ் வைத்தால்கூட வலிப்பதில்லை. ஆனால் அன்றைக்கு நான் எழுந்து வரும்போது டாக்டர் "இந்தப் பக்கம் கடவாயில" என்று ஏதோ ஆரம்பித்தார். அது என்னவென்று போன் போடும்போது அதையும் சேர்த்துக் கேட்டு எழுதவும். அதுவரைக்கும் நான் பன்னுதான் சாப்பிடுகிறேன்.